பிஓஇ கேமராவுக்கு ஏற்ற நெட்வொர்க் கேபிள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டைச் சுற்றிப் பொருத்திய பாதுகாப்புக் கேமராக்களுக்கு மின்சாரத்தையும் காட்சித் தரவையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் கொண்டுசெல்லும் பிஓஇ முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இதற்கிடையில் கேமராக்களும் மாறிவிட்டன, பதிவுக் கருவியும் மாறிவிட்டது. ஆனால் தரமான செம்புக் கேபிள் போட்ட இடங்களில் அதைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. கேபிள் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, நெட்வொர்க் கேபிளின் தர வகைகளில் கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா என்பதைத்தான். கேமராவைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே இருக்கும் கம்பி முழுச் செம்பா, அதன் தடிமன் எவ்வளவு, மேலுறை வெயிலுக்குத் தாங்குமா என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தை எடுத்துக்கொண்டால், வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை விநாடிக்கு 100 மெகாபிட் போர்ட்டுடன்தான் வருகின்றன. எச்.265 முறையில் சுருக்கி அனுப்பும் ஒரு 4 மெகாபிக்சல் கேமராவுக்குப் பொதுவாக விநாடிக்கு 10 மெகாபிட்டுக்கும் குறைவாகவே தேவைப்படும். கேட் 5இ கேபிளோ 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைச் சுமக்கக்கூடியது. ஆகவே தரவுக்காக கேட் 6 வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கேட் 5இ கேபிளில் வழக்கமாக 24 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைக் குறிக்கும் அளவு; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) கம்பியும், கேட் 6 கேபிளில் பெரும்பாலும் அதைவிடச் சற்றுத் தடித்த 23 ஏடபிள்யூஜி கம்பியும் இருப்பதால், மின்தடை குறைகிறது என்ற ஒரு காரணத்துக்காக நீண்ட தூரங்களில் நான் கேட் 6 போட்டிருக்கிறேன். அதற்கு மேல் கேட் 7, கேட் 8 என்று போவதால் கேமராவுக்கு எந்தப் பயனும் இல்லை. கேபிள் விறைப்பாக இருந்து, மூலைகளில் வளைப்பதற்குத்தான் சிரமப்பட நேரிடும்.

மின்சாரக் கணக்கு சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. 2003-இல் வந்த, பிஓஇ-க்கான ஐஇஇஇ 802.3ஏஎஃப் தரத்தின்படி, கேமராக்களின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும்; கேபிளில் ஏற்படும் இழப்பு போகக் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-இல் வந்த 802.3ஏடி தரத்தில் இந்த அளவுகள் 30 வாட், 25.5 வாட் என்று உயர்ந்தன. நிலையாகப் பொருத்தப்படும் சாதாரணக் கேமராவுக்கு 802.3ஏஎஃப் போதும். சுழலும் கேமராவுக்கும், வலுவான விளக்கோ வெப்பமூட்டியோ உள்ள கேமராவுக்கும்தான் 802.3ஏடி தேவைப்படும். இதில் கவனிக்க வேண்டியது, கேமரா பகலிலும் இரவிலும் ஒரே அளவு மின்சாரம் எடுப்பதில்லை என்பது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, எடுக்கும் மின்சாரம் சட்டென்று கூடுகிறது. கேபிளில் ஏதேனும் பலவீனம் இருந்தால் அது வெளிப்படுவதும் அந்த நேரத்தில்தான்.

வீட்டின் பின்பக்கக் கேமராவில் எனக்கு அதுவே நடந்தது. நிறுவிக் கொடுத்தவர்கள் போட்டுவிட்டுச் சென்ற கேபிளில் முதல் சில மாதங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு பொழுது சாயும் வேளையில் கேமரா தானாகவே அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கியது. சில நாட்களில் இரவு முழுவதும் அதே நிலைதான். பகலில் எப்போது பார்த்தாலும் படம் தெளிவாக இருந்ததால் கேமராவின் மீதுதான் சந்தேகம் வந்தது. வேறு கேமராவை அதே இடத்தில் மாட்டியபோதும் அப்படியே நடந்ததால் கேபிளின் முனையை வெட்டி, ஒரு கம்பியின் காப்பை உரித்து, கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். செந்நிறம் ஒரு மெல்லிய தோலைப் போல் உரிந்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. சிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும், செம்பு பூசிய அலுமினியக் கம்பி அது.

இத்தகைய கம்பியின் மின்தடை அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனாலும் வீட்டுக்குள் போடும் குறைந்த தூரங்களில் மின்தடை மட்டுமே கேமராவை அணைத்துவிடாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெரிய கோளாறு முனைகளில்தான் இருக்கிறது. அலுமினியம் மென்மையானது, பிளக்கின் பற்கள் அழுத்தும் இடத்தில் அது நாளடைவில் நெகிழ்ந்து கொடுப்பதால் பிடிப்பு தளர்கிறது, வெளிப்பட்ட பரப்பில் மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடு படலமும் உருவாகிறது. குறைந்த மின்னோட்டத்தில் சமாளித்துக்கொள்ளும் அந்த இணைப்பு, விளக்குகள் எரியும்போது கைவிட்டுவிடுகிறது. போதாததற்கு, இரண்டு மூன்று முறை வளைத்து நிமிர்த்தினாலே கம்பி ஒடிந்துபோகிறது. நெட்வொர்க் கேபிள்களுக்கான டிஐஏ 568 தரம் செம்புக் கம்பியைத்தான் ஏற்கிறது என்பதால், அலுமினியக் கம்பிக்கு கேட் 5இ, கேட் 6 என்ற பெயர்கள் பொருந்தவே பொருந்தா. அப்படி இருந்தும் பெட்டியின் மேல் அதே பெயர்களை அச்சிட்டு விற்கிறார்கள்.

கேபிளைச் சுவருக்குள் செலுத்துவதற்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது. சுரண்டிப் பார்ப்பது ஒரு வழி. மல்டிமீட்டர் அதைவிட உறுதியாகச் சொல்லும். எந்தக் கருவியிலும் இணைக்காத கேபிளின் ஒரு முனையில் (எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும்) ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மின்தடையை அளக்க வேண்டும். 24 ஏடபிள்யூஜி செம்பாக இருந்தால் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 5 ஓம் காட்டும். அலுமினியமாக இருந்தால் 8 ஓமை நெருங்கும். கேட் 6 என்று சொல்லி விற்கப்படும் தட்டையான கேபிள்களில் கம்பி இன்னும் மெல்லியதாக இருப்பதால் அவற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பிஓஇ வசதி இல்லாத கேமராவுக்காக, 12 வோல்ட் மின்சாரத்தை அப்படியே கேபிளில் தரவுக்குப் பயன்படாத உதிரி ஜோடிகளில் செலுத்தும் மலிவான இணைப்பான்களும் கிடைக்கின்றன. 12 வாட் எடுக்கும் கேமராவுக்கு 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் போக வேண்டும். 30 மீட்டர் நல்ல செம்புக் கேபிளில்கூட, ஒரு ஜோடியில் போய் மறு ஜோடியில் திரும்பும் வழியின் மின்தடை (ஒவ்வொரு ஜோடியின் இரு கம்பிகளும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால்) 2.5 ஓம் ஆகிறது, அதாவது 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே 12 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் கால் ஆம்பியர் போதும், இழப்பு 0.6 வோல்ட் அளவில் நின்றுவிடும். சில மீட்டர் தூரத்துக்கு மேல் அந்த இணைப்பான்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவிட்சிலிருந்து வரும் 48 வோல்ட்டைக் கேமராவின் அருகில் 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பிரிப்பான் இருக்கும்போது அதை வாங்குவதே சரி.

வெளிப்புறத்தில் கேபிளின் ஆயுளைத் தீர்மானிப்பது மேலுறை. வீட்டுக்குள் போடுவதற்கான சாம்பல் நிற, நீல நிற பிவிசி உறை தொடர்ந்து வெயில் படும் இடத்தில் நாளடைவில் இறுகி வெடிக்கிறது. அந்த வெடிப்பின் வழியே மழைநீர் உள்ளே இறங்கி, கேபிளுக்குள்ளேயே ஓடி, எங்கோ தள்ளியிருக்கும் சுவிட்ச் வரை வந்துசேரவும் கூடும். கரித்தூள் கலந்த கருப்பு பாலிஎத்திலீன் உறை புற ஊதாக் கதிரைத் தாங்கும். அத்தகைய கேபிள்தான் என் வீட்டு வெளிச்சுவரில் இன்றும் மிருதுவாக இருக்கிறது. மண்ணுக்கடியில் நேரடியாகப் புதைப்பதானால் உள்ளே ஜெல் நிரப்பிய வகை வேண்டும்.

கேமராவிலிருந்து வால்போல் நீளும் சிறு கேபிளும் நம் கேபிளும் சேரும் இடத்தில்தான் அதிகப் பழுது வருகிறது. அந்த ஆர்ஜே45 (நெட்வொர்க் பிளக்) இணைப்புக்குள் ஈரம் புகுந்தால், 48 வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் இருந்துகொண்டே இருப்பதால் அரிப்பு வெகு வேகமாக நடக்கும். பழுதான ஓர் இணைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, சில ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்து முலாம் கரைந்திருக்க, அடுத்த ஊசிகள் புதிதுபோல் பளபளத்தன. பிளஸ் (+) பக்க ஊசிகளே முதலில் அரிக்கப்படும். கேமராவுடன் தரும் நீர்காப்பு மூடியைத் தூக்கிப் போடாமல், கேபிளைப் பிளக்கில் பொருத்துவதற்கு முன்பே அதில் கோத்து முறையாக இறுக்க வேண்டும். இணைப்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிள் கீழிருந்து மேலாக ஏறி உள்ளே நுழையும்படி அமைத்தால், உறையில் வழியும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

உலோகக் கவச உறையுள்ள கேபிள் வீட்டுக் கேமராவுக்கு அநேகமாகத் தேவையில்லை. கவசத்தை முறையாக எர்த் செய்யாவிட்டால் அதனால் பலன் கிடைக்காது. தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களை அது இணைத்தால் கவசத்தின் வழியே வேண்டாத மின்னோட்டம் பாயவும் வாய்ப்புண்டு. கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) போடுவது இடி மின்னலுக்கும் பாதுகாப்பு.

பிளக் வாங்கும்போதும் கம்பியின் வகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். நிலையாகப் பதிக்கும் கேபிளில் ஒற்றைக் கம்பியும், சுவிட்ச் அருகில் பயன்படுத்தும் குட்டைக் கேபிளில் பல இழைக் கம்பியும் இருக்கும். இரண்டுக்கும் பிளக்கின் பற்கள் வேறு. 23 ஏடபிள்யூஜி கம்பி, கேட் 5இ பிளக்கின் துளைக்குள் எளிதில் நுழையாது. கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல், எட்டு நிறங்களையும் இரு முனைகளிலும் ஒரே வரிசையில் அமைத்து, மேலுறையும் பிளக்கின் பிடிக்குள் சிக்கும்படி கிரிம்ப் செய்ய (கருவியால் அழுத்திப் பொருத்த) வேண்டும். கேமரா பக்கம் ஒரு மீட்டர் கேபிளையாவது கூடுதலாகச் சுற்றி வைத்துக்கொண்டால், பிளக் பழுதாகும்போது முனையை வெட்டிவிட்டு மீண்டும் பொருத்த இடமிருக்கும்.