அல்லிராணி கோட்டை என்று வேறொரு கோட்டையைக் காட்டினார்கள்: வன்னிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் வாசியுங்கள்

கனடாவில் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுச் சென்ற ஆடி மாதம் ஊருக்கு வந்த என் சின்னம்மா, தன் பிள்ளைகள் இருவருக்கும் நம்முடைய வரலாற்றிடங்களைக் காட்ட வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டார். அவருடைய கைப்பையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. மன்னாரில் பணிபுரிந்த அவருடைய தகப்பனார், கடலோரமாக நிற்கும் ஒரு பருத்த தூணில் கை ஊன்றியபடி எடுத்த படம் அது. பின்புறத்தில் ‘அல்லிராணி கோட்டை, அரிப்பு’ என்று நீல மையில் எழுதியிருந்தார். அரிப்பு என்பது மன்னார் மாவட்டத்தில் உள்ள ஒரு கடலோர ஊர். அந்தத் தூணருகே தானும் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதே சின்னம்மா எங்களிடம் கேட்ட ஒரே காரியம்.

வவுனியாவில் இயங்குவதாக முகநூலில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம், ஒன்பது பேருக்கு இரண்டு நாள் பயணம், குளிரூட்டப்பட்ட வான், ‘வரலாறு கற்ற வழிகாட்டி’ என்று பேசி 78,000 ரூபாவுக்கு ஒழுங்கு செய்தேன். முற்பணமாக 40,000 ரூபாவைக் கையில் வாங்கியவர், பற்றுச்சீட்டு கேட்டபோது தன் பெயரட்டையின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அதில் முகவரியோ பதிவு இலக்கமோ இருக்கவில்லை. அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வான் ஒன்பது இருபதுக்கு வந்தது. குளிரூட்டி வேலை செய்யவில்லை. வழியில் சாரதிக்குப் பழக்கமான ஒரு கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். இதனால் திருக்கேதீச்சரத்தை அடைந்தபோது நடை சாத்தியாயிற்று. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலத்துக்கு அத்தனை தூரம் வந்த சின்னம்மா, பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்து, மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

வழிகாட்டி என்று வந்தவர் சாரதியின் உறவுக்காரத் தம்பி என்பது மன்னார்க் கோட்டையில்தான் தெரிந்தது. கைத்தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துக் கதைத்த அவர், கோட்டையைப் பிரித்தானியர் கட்டியதாகச் சொன்னார். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியமைத்த கோட்டை அது. இடிக்கப்பட்ட திருக்கேதீச்சரத்தின் கற்களும் அதற்குள் இருக்கின்றன என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஊரறிந்த இந்தச் செய்தியைக்கூட அறியாத ஒருவரைக் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டியாக அனுப்புவது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. பிள்ளைகள் அதை நம்பிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அரிப்புக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. இடிந்த சுவர்கள் உள்ள ஒரு சிறு கோட்டையருகே வானை நிறுத்தி, இதுதான் அல்லிராணியின் அரண்மனை என்றார்கள். சின்னம்மா படத்தை எடுத்து ஒவ்வொரு சுவரோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். “தம்பி, எங்கட அப்பா நிண்ட தூண் இதில்லை, அங்க பக்கத்தில கடல் தெரியுது” என்றார். “அதெல்லாம் கடல் கொண்டு போட்டுது அம்மா, மிச்சம் இதுதான்” என்று அந்த இளைஞர் சற்றும் தயங்காமல் சொன்னார். கடலரிப்பினால் அல்லிராணி கோட்டை சிதைந்து வருவது உண்மை என்பதால், அந்தப் பொய்யை நாங்களும் பாதி நம்பினோம்.

எங்களுக்குக் காட்டப்பட்டது ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டை. அதற்கும் சொந்தமாக ஒரு வரலாறு உண்டு. கண்டி அரசில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், அருவி ஆற்றைப் பின்பற்றிக் காட்டு வழியே தப்பி 1679இல் வந்து சேர்ந்தது இங்கேதான். அதையாவது சொல்லியிருந்தால் அந்த இடத்தைப் பார்த்த பயன் கிடைத்திருக்கும். அல்லிராணி கோட்டை என்று மக்கள் அழைக்கும் கட்டடமோ, முதலாவது பிரித்தானிய ஆளுநரான பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கிரேக்கப் பாணித் தூண்களோடு கட்டிய மாளிகை. இந்தக் கரையை ஆண்டதாகச் சொல்லப்படும் அல்லி அரசியின் கதை இங்குள்ள பழைய நம்பிக்கை. அந்தக் கதையின் பெயரே வெள்ளைக்காரரின் கட்டடத்துக்கு ஒட்டிக்கொண்டது.

திரும்பும் வழியில் தம்பிமுறையான சின்னம்மாவின் மகன் வரைபடத்தைப் பார்த்து, உண்மையான இடம் நாங்கள் நின்ற இடத்திலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடலோரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தான். வானைத் திருப்பச் சொன்னபோது, ஓட்டம் கூடும் என்று மேலும் 6,000 ரூபா கேட்டார்கள். அதற்கும் சம்மதித்தோம். பின்னர், இருட்டிவிட்டது, நாளை காலை கூட்டிச் செல்கிறோம் என்று சொல்லி, டீசல் அடிக்க வேண்டும் என்று மிகுதிப் பணம் முழுவதையும் அன்றிரவே வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் வான் வரவில்லை, தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கல்லில் பொறித்த கற்சிலைமடுவும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலும், வற்றாப்பளை அம்மன் கோயிலும் பட்டியலில் மட்டுமே நின்றன. அதற்கடுத்த நாள் சின்னம்மாவுக்கு விமானம்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதி அட்டை வழங்குகிறது. பேசும்போதே அதைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாகன இலக்கம், செல்லும் இடங்களின் பெயர்கள், புறப்படும் நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மிகுதிப் பணத்தைப் பயணம் முடியுமுன் கொடுக்காதீர்கள். பிறநாட்டிலிருந்து வரும் உறவினருக்காகத் தொலைவிலிருந்து பணம் அனுப்பி ஒழுங்கு செய்பவர்கள், ஊரில் உள்ள ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை நானும் நண்பர் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் அரிப்புக்குப் போனோம். எஞ்சி நிற்கும் தூண்களில் எது தாத்தா கை ஊன்றிய தூண் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் படமெடுத்துச் சின்னம்மாவுக்கு அனுப்பினேன். “இனி எப்ப வரப்போறனோ” என்று மட்டும் பதில் வந்தது.

அதே விளம்பரம் இப்போது வேறு பெயரிலும் வேறு தொலைபேசி இலக்கத்திலும் முகநூலில் வருகிறது. அதில் போட்டிருப்பது, எங்களை அழைத்துச் செல்லாத உண்மையான அல்லிராணி கோட்டையின் படம். அதைக் கண்டு பேசத் தொடங்கியவர்கள், முற்பணம் கொடுக்குமுன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர் கையெழுத்திட்டுத் தந்த அட்டையின் படத்தை அனுப்பி வைக்கிறேன், எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.