கின்டயர்: மேற்குச் சாலையா, கிழக்குச் சாலையா?

ஸ்காட்லாந்தின் கின்டயர் தீபகற்பத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு டார்பர்ட் ஊரைத் தாண்டியதும் இந்தக் குழப்பம் வரும். தீபகற்பத்தின் தெற்கே உள்ள முக்கிய ஊரான கேம்பெல்டவுனுக்கு இரண்டு வழி.

நேரம்
மேற்கு (ஏ83): சுமார் 60 கி.மீ., ஒரு மணி நேரம் போதும்.
கிழக்கு (பி842): பெரும்பாலும் ஒற்றைத் தடம், ஓயாத வளைவு, ஏற்ற இறக்கம். இரண்டு மடங்கு நேரம் வையுங்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிடத்தில் நின்று வழிவிட வேண்டும். அங்கேயே காரை நிறுத்திவிட்டுப் படமெடுக்கப் போகாதீர்கள். ஊர்க்காரர்களுக்குப் பெரிய தொல்லை.

கடல்
மேற்கு: அட்லாண்டிக் அலை, வெஸ்ட்போர்ட்டின் நீண்ட மணற்கரை. நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்காதீர்கள்.
கிழக்கு: சின்னச் சின்ன விரிகுடாக்கள், எதிரே அரன் தீவின் மலைகள்.

ஊர்கள்
மேற்கு: டாயின்லோன், அங்கிருந்து கீயா தீவுக்கு 20 நிமிடப் படகு.
கிழக்கு: எனக்கு இதுதான் நெருக்கம். ஸ்கிப்னெஸில் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை, காரடேலில் மீன்பிடித் துறை, சாடெலில் 12ஆம் நூற்றாண்டு மடத்தின் இடிபாடு. அங்கே வாளேந்திய வீரர்களைச் செதுக்கிய கல்லறைப் பலகைகளைப் பார்க்காமல் வராதீர்கள்.

கார் இல்லையா? கிளாஸ்கோ பஸ் மேற்கு வழியாகத்தான் போகிறது; அதையே பிடியுங்கள். ஒரே நாள்தான் என்றாலும் மேற்கு. கிராமங்களில் நின்று நடக்க ஆசைப்பட்டால் கிழக்கு. கார் இருந்தால் காலையில் கிழக்கே போய், சூரியன் கடலில் விழும் நேரத்துக்கு மேற்கே திரும்புங்கள்.