ஏற்காட்டு மார்கழியில் டிஸ்க் கோல்ஃப்: கை கொடுக்கும் பிளாஸ்டிக், காலை வாரும் பனி

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற பிளாஸ்டிக் டிஸ்க்கைக் கையால் வீசி, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம். குளிர்காலத்தில் அதை ஆடுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பின்லாந்திலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் ஆடுகிறவர்கள் எழுதியவை. அங்கே குளிர் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே. பிளாஸ்டிக் விறைத்துப்போய் மரத்தில் மோதினால் விரிசல் விடும், டிஸ்க் பனிக்குள் புதைந்து காணாமல் போகும். ஏற்காட்டில் மார்கழி, தை விடியற்காலையில் 12, 13 டிகிரி. இந்தக் குளிருக்கு டிஸ்க் உடையாது. ஆனால் வேறு விதமாகப் படுத்தும். அடுத்தடுத்த குளிர்காலங்களில் அதே டிஸ்க்குகளை மலையில் புழங்கிப் பார்த்ததில், ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். குளிர் அதற்குத் துணைக்கு வருகிறது, அவ்வளவே.

முதலில் பிளாஸ்டிக். டிஸ்க் வாங்கும்போது வடிவத்தைப் போலவே எந்த பிளாஸ்டிக் என்பதையும் பார்க்க வேண்டும். இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் என்ற டிஸ்க்கை எடுத்துக்கொண்டால், அதே அச்சில் டிஎக்ஸ், ஸ்டார், சாம்பியன், ஜிஸ்டார் என்று பல பிளாஸ்டிக்கில் வருகிறது. டிஎக்ஸ் அடிப்படை ரகம். விலை குறைவு, கையில் லேசாகச் சொரசொரக்கும். பாறையில் பட்டால் விளிம்பில் பிசிறு கிளம்பும். எந்த நிறுவனத்தின் அடிப்படை பிளாஸ்டிக்குக்கும் இதுதான் இயல்பு. சாம்பியன் வெளிச்சம் ஊடுருவும், கெட்டியானது, வருடக்கணக்கில் உழைக்கும். ஜிஸ்டார் வளைந்து கொடுக்கும்.

சேலத்தின் 30 டிகிரியில் சாம்பியன் ரகம் உள்ளங்கைக்கு இதமாகவே இருக்கும். அதே டிஸ்க்கை ராத்திரி முழுக்க ஏற்காட்டில் வெளித்திண்ணையில் வைத்துவிட்டு காலை ஆறரைக்கு எடுத்தால் பீங்கான் தட்டைத் தொட்டது போல இருக்கும். வெப்பம் குறைந்தால் பாலிமர் விறைக்கும் என்பதே காரணம். கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் டிஸ்க்கான புட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் நடுத்தட்டை அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மதியம் சுலபமாகக் குழிகிற இடம் காலையில் முரண்டு பிடிக்கும். விறைத்த புட்டர் சங்கிலியில் பட்டு நின்று விழாமல் தெறித்து வெளியே வருவது இதனால்தான். எனவே புட்டருக்கு அடிப்படை பிளாஸ்டிக், தூரம் வீசும் டிரைவருக்கு ஜிஸ்டார் போல இளகிய ரகம் என்று வைத்துக்கொண்டால் ஏற்காட்டுக் குளிருக்கு அது போதும். சாம்பியன் டிஸ்க்குகள் பத்து மணி வெயில் வரும்வரை பையிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது காற்று. ஏற்காட்டில் ஆடுகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் டிஸ்க் அதிகமாகத் திரும்பும், தூரமும் குறையும் என்று அந்தக் குளிர்நாட்டு அறிவுரைகள் சொல்லும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊருக்கு அது சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர். 30 டிகிரி சேலத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.13 கிலோ என்றால், 13 டிகிரி ஏற்காட்டில் சுமார் 1.03 கிலோதான் வரும். குளிர் கூட்டித் தருவதை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. போதாததற்கு எட்டு, ஒன்பது சதவீதம் குறைத்தும் விடுகிறது. ஏற்காட்டுக்குள்ளேயே காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் நாலு சதவீதம் போலத்தான்.

விளைவு என்ன? வலதுகைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது புறங்கை முன்னால் வர, வீசினால் முதலில் வலப்பக்கம் சாய்வதை டர்ன் என்றும், வேகம் அடங்கும்போது இடப்பக்கம் இறங்குவதை ஃபேட் என்றும் சொல்வார்கள். காற்று மெலிந்தால் டர்ன் குறையும், ஃபேட் முன்கூட்டியே வரும். காலைக் குளிரில் தோள் இளகாமல் கை வேகமும் குறைந்திருக்கும். அதுவும் அதே இடப்பக்கத்துக்குத்தான் இழுக்கும். சேலம் மைதானத்தில் நேராகப் போன டிஸ்க் மலையில் இடதுபக்கம் சட்டென்று விழுந்தால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 12/5/-1/3 எண் கொண்ட டெஸ்ட்ராயரைக் கீழே வைத்துவிட்டு 6/5/-2/1 லெப்பர்டை எடுங்கள். நாலு எண்ணில் முதலாவது வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது டர்ன், நாலாவது ஃபேட். காலையில் வேக எண் ஏழைத் தாண்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். எதிர்க்காற்று வீசும் திறந்த மேட்டில் மட்டும் கணக்கு தலைகீழ்: டிஸ்க் மேல் மோதும் காற்றின் வேகம் கூடுவதால் டர்ன் கூடும். அதற்கு 9/3/0/4 ஃபயர்பேர்ட் போன்ற ஒன்று பையில் இருந்தால் போதும்.

இனி ஈரம். வானம் தெளிந்த இரவில் புல்லும் அதன்மேல் கிடக்கும் டிஸ்க்கும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும்; அதன்மேல்தான் பனி இறங்கும். மூடுபனி நாளில் கேட்கவே வேண்டாம். மேல்தட்டு நனைந்திருப்பது பெரிய தொல்லை இல்லை. விளிம்பின் உட்பக்கச் சுவரில், சுட்டுவிரல் பதியும் அந்த ஒரு அங்குலத்தில் படியும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம்தான் வீச்சைக் கெடுக்கிறது. துடைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மேல்தட்டைப் பளபளவென்று துடைத்துவிட்டு இந்த இடத்தை விட்டுவிடுவார்கள். டிஸ்க் விரலை விட்டு ஒரு நொடிப்பொழுது முன்னதாக நழுவும். நேராகப் போக வேண்டியது பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் போகும். அறுவடை நேரம், செடிக்கடியில் ஆட்கள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தோட்டத்தை ஒட்டி வீசவே வீசாதீர்கள்.

துடைக்கும் முறை இது: துண்டைச் சுட்டுவிரலில் சுற்றி, விளிம்பின் உட்சுவரில் விரலை அழுத்தி, டிஸ்க்கை ஒரு முழுச் சுற்று சுழற்ற வேண்டும். பிறகு கட்டைவிரல் பதியும் மேல்புறம். கடைசியில் விரல் நுனிகள். துண்டு இரண்டு வேண்டும்: ஒன்று சேறும் புல்லும் துடைக்க, இன்னொன்று பைக்குள்ளேயே காய்ந்தபடி இருந்து விரலுக்கும் விளிம்புக்கும் மட்டும். இதற்கு நம்மூர் மெல்லிய பருத்தித் துண்டே போதும். டிஸ்க் மேல் வாயால் ஊதிச் சூடேற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் படிந்து நிலைமையை மோசமாக்கும். ஊதுவதானால் விரல்மேல் ஊதித் துடைத்துக்கொள்ளலாம். அடுத்து வீசப்போகும் புட்டரை ஸ்வெட்டருக்குள் செருகி வைத்தால் உடம்புச் சூட்டில் இளகியிருக்கும்.

பவுடர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேரம் பவுடரைக் கையில் பூசினால் வழுக்கத்தான் செய்யும், காய் ஓடுவதற்காகவே அது இருக்கிறது. முகப் பவுடரும் அப்படியே. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசும் வெள்ளைச் சாக் தூள்தான் ஈரத்தை உறிஞ்சும். அது மக்னீசியம் கார்பனேட். சேர்வராயன் மலையடியில் தோண்டியெடுக்கும் மேக்னசைட்டும் அதே சேர்மம்தான் என்பதால் சேலத்துக்காரர்களுக்கு அந்நியப் பொருள் இல்லை. அதற்காக சுரங்கக் கல்லை இடித்துப் பூச வேண்டாம், கடையில் கிடைக்கும் சுத்தமான தூள்தான் வேண்டும். ஒரு கைப்பிடித் தூளைப் பழைய பருத்திக் காலுறையில் கட்டி, வீசுவதற்கு முன் ஒருமுறை அமுக்கினால் போதும். அள்ளிப் பூசினால் ஈரத்தோடு சேர்ந்து விளிம்பில் பசையாகப் படியும்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: மூடுபனியில் வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம் மூன்றும் போனால் போனதுதான். பச்சை எந்தக் காலத்திலும் உதவாது. காய்ந்த சில்வர் ஓக் சருகுக்கு நடுவே ஆரஞ்சுகூடத் தடவித்தான் தேட வேண்டும். அடர் இளஞ்சிவப்பு ஒன்றுதான் நம்பிக்கையானது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு மேல் வீசாதீர்கள்; ஒருவர் முன்னால் நின்று டிஸ்க் விழும் சத்தத்தைக் கேட்டுச் சொன்னால் தேடும் நேரம் பாதியாகும். ஏரிப் பக்கம் வேண்டவே வேண்டாம், பெரும்பாலான டிஸ்க்குகள் மூழ்கும்.

செம்மண் சரிவு நனைந்தால் ஓடிவந்து வீசும் உத்தி ஆபத்து. முன்காலை ஊன்றித் திரும்பும் கணத்தில்தான் சறுக்கும், முட்டி பிசகும். நின்ற இடத்திலிருந்தே வீசலாம். தூரம் குறையும், குறி கூடும். வாசலில் போடும் தேங்காய்நார் மிதியடி ஒன்றை எடுத்துப்போய் அதன்மேல் முன்காலை ஊன்றினால் பிடிமானம் கிடைக்கும்.

மடக்கு கூடைகளின் சங்கிலி பனியில் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் பூசினால் அது டிஸ்க்கில் ஒட்டி, அங்கிருந்து விரலுக்கு வரும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, வீட்டில் விரித்துக் காயவைப்பதே நல்லது. டிஸ்க்கில் எழுதிய தொலைபேசி எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சானிடைசர் கையால் தொட்டால் மார்க்கர் மை அழியும்.

உண்மையில் டிஸ்க்குக்குச் சேதம் வருவது மலையில் இல்லை, இறங்கிய பிறகு. இருபது வளைவும் இறங்கி, சேலத்து வெயிலில் காரை நிறுத்தி, ஈரப் பையை டிக்கியிலேயே விட்டால், நெருக்கி அடுக்கிய டிஸ்க்குகள் சூட்டில் இளகிக் கோணும். கோணிவிட்டால் 55 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, சமதரையில் கவிழ்த்து, ஓரத்தைக் கையால் சரிசெய்து, கனமான புத்தகம் ஏற்றி ஆறவிட வேண்டும். சாம்பியன், ஸ்டார் பெரும்பாலும் திரும்பிவிடும். அடிப்படை ரகத்தில் லேசான அலை நின்றுவிடும். அதைப் பக்கத்து மைதானத்தில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.