வழுக்கைத் தலையருக்கு ஒரு தேநீர்க் கோப்பை: ஐந்துக்கு மூன்று

வெள்ளைப் பீங்கான் கோப்பை. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவுதான், ஒரு பால் தேநீர் தாராளமாகப் பிடிக்கும். சுற்றிவர, வழுக்கை விழுந்தவர்களை ஆங்கிலத்தில் கேலி செய்யும் பட்டப்பெயர்களை நெருக்கி அச்சடித்திருக்கிறார்கள். அடியில் ஒரு மொட்டைத் தலையின் படம். கடைசி மிடறுக்குக் கோப்பையைச் சரித்தால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் மறைந்து அந்த மொட்டை தெரியும். என் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கன்டீனில் சொன்னார்கள்.

நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். 34ஆம் இலக்கம், வால்தம்ஸ்டோவிலிருந்து பார்னட் வரை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு டிப்போக்காரர் எல்லாரும் காசு சேர்த்து வாங்கித் தந்தது இது. பத்துப் பவுணுக்குள் இணையத்தில் கிடைக்கிறது. அத்தனை பேர் சேர்ந்து பத்துப் பவுண் என்றால் ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சரி, காசு கொடுப்பது சொற்களுக்குத்தானே, அதற்கு வருவோம். ஆகப் பெரிய எழுத்தில் இருப்பது ஸ்லாப்ஹெட், அதாவது தட்டுவதற்கான தலை. இது பிரிட்டனுக்கே உரிய சொல், சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் நகைச்சுவைக்காரர் பென்னி ஹில் தன் பக்கத்தில் நிற்கும் ஜாக்கி ரைட் என்ற குள்ளமான மொட்டைக் கிழவரின் உச்சந்தலையில் படபடவென்று தட்டுவாரே, அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் வேலையில் இருக்கிறது. ஒரு மொட்டையைக் கண்டால் அவர்களுக்குக் கை தானாக எழும்பும். எங்கள் மெக்கானிக் ஒருவர் என்னைக் கடக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு போவார்.

அடுத்தது குரோம் டோம். அமெரிக்கச் சரக்கு. பளபளக்கும் கூரை என்ற அளவில் நல்ல கற்பனைதான். ஆனால் அமெரிக்க விமானப்படை இதே பெயரில் 1960களில் ஒரு நடவடிக்கை நடத்தியது. அணுகுண்டு ஏற்றிய பி-52 விமானங்களை இரவு பகலாக வானத்தில் சுற்றவிட்டார்கள். 1966இல் ஒன்று ஸ்பெயினில் பலோமாரெஸ் ஊருக்கு மேலே மோதி நொறுங்கி, நான்கு குண்டுகள் கீழே விழுந்தன, அதில் ஒன்று கடலுக்குள். 1968இல் கிரீன்லாந்தில் இன்னொன்று விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, யாராவது என்னைக் குரோம் டோம் என்றால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

கோஜாக் என்ற பெயரும் இருக்கிறது. 1973இலிருந்து 1978 வரை ஓடிய அந்தப் பெயர்த் தொடரில் மொட்டைத் தலை டெலி சவாலஸ் லாலிபாப் சப்பிக்கொண்டு துப்பறிவார். வயதானவர்கள் சிரிக்கிறார்கள். டிப்போவுக்குப் புதிதாக வந்த பையன் அது கோப்பியின் பிராண்டா என்று கேட்டான்.

எக்ஹெட், அதாவது முட்டைத் தலை, என்று ஒன்றைச் சேர்த்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். அது மொட்டைக்கு அல்ல, படித்துப் படித்து மண்டை பெருத்தவருக்கு வைக்கும் பெயர். 1952 அமெரிக்கத் தேர்தலில் அட்லாய் ஸ்டீவன்சனை அப்படித்தான் கிண்டலடித்தார்கள். அவருக்கு முடி இல்லை என்பது உண்மை. ஆனால் அவரைத் தோற்கடித்த ஐசன்ஹோவரின் தலையில் மட்டும் என்ன காடா இருந்தது? கியூ பால் (பில்லியர்ட்ஸ் மேசையின் வெள்ளைப் பந்து), பால்டிலாக்ஸ் (கோல்டிலாக்ஸ் என்ற கதைச் சிறுமியின் பெயரை ‘பால்ட்’, அதாவது வழுக்கை, என்று திரித்தது) எல்லாம் இடம் நிரப்ப.

என் பெரிய குறை, விட்டுப்போனவற்றைப் பற்றியது. ‘கூட் போல மொட்டை’ என்பது இங்கே எவ்வளவு பழைய வழக்கு! கூட் என்பது நாமக்கோழி. கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளைத் தகடு. வான்ஸ்டெட் பார்க் குளத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், நாலைந்து நீந்தும். அது கோப்பையில் இல்லை. கிழக்கு லண்டனின் எதுகைப் பேச்சு ஒன்றுகூட இல்லை. பார்னட் ஃபேர் என்பது ஹேருக்கு எதுகை என்பதால் தலைமுடிக்கே பார்னட் என்று பெயர். “நாள் முழுக்கப் பார்னட்டுக்குப் போய்வருகிறாய், ஒரு பார்னட் வாங்கிக்கொண்டு வரக்கூடாதா?” என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்பார்கள். கோப்பையில் உள்ள அத்தனை சொற்களையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. டிப்போவில் உண்மையில் என்னைக் கூப்பிடும் பெயரும் இல்லை: கர்லி, அதாவது சுருட்டைமுடிக்காரன். இந்தப் பட்டியலைப் போட்டவர் லண்டனில் ஒரு தேநீர்கூடக் குடித்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

வேலையிடத்துக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2022இல் ஷெஃபீல்ட் தொழில் தீர்ப்பாயம், யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஒரு மின்பணியாளரின் வழுக்கையைச் சொல்லி வேலையிடத்தில் திட்டியது பாலினம் சார்ந்த துன்புறுத்தல் என்று தீர்ப்பளித்தது. வழுக்கை பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் என்பது காரணம். அமர்வில் இருந்த மூவரும் ஆண்கள். அதற்குத் தாங்களே சாட்சி என்ற தோரணையில் தீர்ப்பில் எழுதியும் வைத்தார்கள். மேல்முறையீட்டிலும் அது நின்றது. அங்கே நடந்தது மிரட்டலோடு வந்த கெட்ட வார்த்தை, கன்டீன் பகிடி அல்ல. என்றாலும், தன் தலையைப் பற்றித் தானே முதலில் பகிடி விடாத மனிதருக்கு இந்தக் கோப்பையைக் கொடுக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே தொப்பியைக் கழற்றி நானே தொடங்கிவிட்டேன், அதனால் எனக்குச் சரி.

இனிப் பொருளின் தரம். கைப்பிடி நல்லது, குளிர்காலக் கையுறையோடும் பிடிக்கலாம். சூடு நிற்கிறது. ஆனால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று அட்டையில் எழுதியதை நம்பிப் போட்டதில் எழுத்துகள் உதிரத் தொடங்கிவிட்டன. என் தலையைப் போலவே, முன்பக்கம்தான் முதலில் போனது. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன், பதில் இல்லை. கையால் கழுவுங்கள்.

வீட்டில் இதற்கு வரவேற்பு இல்லை. “இஞ்சரப்பா, ஆரும் வரேக்க இதைக் கொண்டு வந்து முன்னுக்கு வையாதையுங்கோ,” என்று மனைவி சொல்லிவிட்டா. அதனால் இப்போது டிப்போ அலுமாரியில் இருக்கிறது. அது வந்த பெட்டி மட்டும் நல்ல உறுதியான அட்டை. அதை வீட்டில் எடுத்துக் கடுகு, சீரகப் பைக்கற்றுகளைப் போட்டு வைத்திருக்கிறா.