மூன்லைட் கிரஹாம், ஆடம் கிரீன்பர்க்: யாருக்கு வாய்த்தது மேல்?

இருவரும் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள்; மைதானத்தின் வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்யும் அவுட்ஃபீல்டர்கள். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகக் கிரஹாம் வலதுபக்க ஃபீல்டில் நின்றார். பேட் செய்யும் முறை வருமுன் இன்னிங்ஸ் முடிந்தது. பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் அவ்வளவுதான் அவர் ஆட்டம்.

கிரீன்பர்க் கதை நேர்மாறு: பேட் பிடித்தார், ஃபீல்டிங்கே செய்யவில்லை. 2005 ஜூலை 9 அன்று சிகாகோ கப்ஸுக்காக இறங்கியவரின் தலையை முதல் பந்தே தாக்கியது. தலைசுற்றலும் பார்வைக் கோளாறும் விடவில்லை. ரசிகர்கள் திரட்டிய ஆதரவால் 2012 அக்டோபர் 2 அன்று மயாமி மார்லின்ஸ் ஒரு வாய்ப்பு தந்தது. எதிரணிப் பந்துவீச்சாளர் டிக்கியின் மூன்றே பந்துகளில் ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழப்பு! அந்த ஆண்டு சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதே டிக்கிக்குத்தான். குறை சொல்ல முடியாது.

கிரஹாம் டாக்டராகி, மினசோட்டாவின் சிஷோம் ஊரில் பல்லாண்டு பணியாற்றினார். வாழ்க்கையாகப் பார்த்தால் என் ஓட்டு அவருக்கே. ஆட்டமாகப் பார்த்தால் கிரீன்பர்க். அடிபட்டவர் மறுபடி அதே இடத்தில் நிற்பது லேசல்ல.