கமினோ நடைக்கு முன்: பாரிஸ் வழியா, பம்ப்ளோனா வழியா? படுக்கையைப் பதிவு செய்வதா, போய்ப் பார்த்துக்கொள்வதா?

ஸ்பெயினில் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சான்டியாகோ தே கொம்போஸ்தேலா வரை, கமினோ என்ற யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறேன் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்பது காலணியைப் பற்றித்தான். அடுத்த கேள்வி பையின் எடை. இவை கடையில் தீரும் விஷயங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை வேறு இரண்டு: நடை தொடங்கும் ஊருக்கு எப்படிப் போய்ச் சேருவது, முதல் சில இரவுகள் எங்கே படுப்பது.

கமினோவில் பல பாதைகள் உண்டு; நான் பேசுவது கமினோ பிரான்ஸேஸ் பாதையைப் பற்றி. பிரெனே மலையடிவாரத்தில், பிரான்ஸ் பக்கம் உள்ள சான் ஜான் பியே த போர் என்ற சிற்றூரில் தொடங்கி ஏறக்குறைய 780 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஐந்து வாரம். அந்த ஊருக்கு விமான நிலையமும் இல்லை, பெரிய ஊர்களிலிருந்து நேர் ரயிலும் இல்லை. அதனால்தான் இத்தனை குழப்பம்.

போய்ச் சேரும் வழிகள்

பாரிஸ் வழி முழுக்க ரயில் வழி. மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் பயோன். அங்கே சிறிய ரயிலுக்கு மாறினால் நீவ் ஆற்றை ஒட்டியே போய் ஒரு மணி நேரத்தில் சான் ஜான். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர்களிலிருந்து வரும் விமானங்கள் இறங்குவது சார்ல்ஸ் தெ கோல் நிலையத்தில். அது நகரத்தின் வடக்கே இருக்கிறது. மோன்பர்னாஸோ தெற்குப் பக்கம். குடிவரவுச் சோதனை, பெட்டி, நகரைக் கடப்பது எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரமாவது கையில் வேண்டும். அதிவேக ரயிலுக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். பயோனிலிருந்து மலையடிவாரம் போகும் ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை, அன்றைக்கே வாங்கலாம். ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான்.

நான் இந்த வழியில்தான் போனேன். விமானம் தாமதம், பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது, அடுத்ததில் ஏறி பயோன் வந்தபோது கடைசிச் சிறு ரயிலும் கிளம்பியிருந்தது. நிலையத்துக்கு எதிரே ஓர் அறை எடுத்துப் படுத்தேன். மறுநாள் காலை முதல் ரயிலில் ஏறிப் பார்த்தால் பெட்டியில் இருந்த அத்தனை பேர் மடியிலும் முதுகுப்பை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சான் ஜானில் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒரே வரிசையாக சித்தாதெல் தெருவின் கல் பாவிய ஏற்றத்தில் நடந்து, 39-ம் எண்ணில் இருக்கும் யாத்ரீகர் அலுவலகத்துக்குப் போய் நின்றது. தவறவிட்ட ரயிலுக்கு வருந்துவதா, இந்தக் காலையைப் பார்த்ததற்கு மகிழ்வதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மாட்ரிட் வழியில் பயணம் பம்ப்ளோனா வரை ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பேருந்தென்றால் ஐந்து, ஆறு மணி நேரம். பம்ப்ளோனாவிலிருந்து மலையைத் தாண்டி சான் ஜானுக்குப் பேருந்து உண்டு, ஆனால் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைதான். மற்ற மாதங்களில் நான்கைந்து பேர் சேர்ந்து டாக்சி பிடிக்க வேண்டியதுதான். இந்த வழியின் பெரிய வசதி திரும்பி வருவதில் இருக்கிறது. சான்டியாகோவிலிருந்து மாட்ரிடுக்கு மூன்றரை மணி நேர அளவில் அதிவேக ரயில் வருகிறது. போகவும் வரவும் ஒரே ஊருக்கு விமான டிக்கெட் போடலாம், அது பொதுவாகச் செலவு குறைவு.

பியாரிட்ஸ் விமான நிலையம் தூரத்தில் மிகப் பக்கம். ஐரோப்பாவுக்குள்ளிருந்தே கிளம்புபவர்களுக்கு அது நல்ல வழி. அங்கிருந்து சான் ஜானுக்குப் பகிர்வு வேன்களும் கிடைக்கும். இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருபவருக்கு இன்னொரு விமானம் மாறும் அலைச்சல்தான் மிச்சம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிளம்புபவருக்கு மாட்ரிட் வழியைத்தான் சொல்வேன், பம்ப்ளோனாவில் ஓர் இரவு தூங்கி எழுந்து மறுநாள் மலை தாண்டும்படி. குளிர்காலம் என்றால் பாரிஸ். எந்த வழியானாலும் விமானம் இறங்கும் அதே நாளில் சான் ஜான் போய்ச் சேரத் திட்டம் போடாதீர்கள்.

முதல் மூன்று இரவுகள்

சான் ஜானிலிருந்து ரொன்செஸ்வாயெஸ் மடம் வரை சுமார் 25 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் பெரிது. கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லாத ஊரில் கிளம்பி 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, அப்புறம் செங்குத்தாக இறங்க வேண்டும். ஒரே நாளில் முடிப்பவர்கள் நிறையப் பேர். முடித்த அன்றே முழங்கால் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மாற்று வழி, எட்டு கிலோமீட்டரில் ஒரிஸோன் விடுதியில் தங்குவது. படுக்கைகள் கொஞ்சம்தான், பதிவு இல்லாமல் இடம் கிடையாது, மே, செப்டம்பர் மாதங்களுக்குப் பல மாதம் முன்பே நிறைந்துவிடும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பள்ளத்தாக்கு வழியில் பாதித் தூரத்தில் வால்கார்லோஸ் என்ற ஊரில் தங்கலாம். யாரும் அதிகம் பேசாத வழி அது. ஒரிஸோன் வழியாகப் போகும் மேல் பாதையின் அகலக் காட்சி கிடைக்காது, தார்ச்சாலையிலும் கொஞ்சம் நடக்க வேண்டிவரும், ஆனால் கால் தப்பும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மேல் பாதை மூடப்படுவதால் அப்போது எல்லோருக்கும் இதுதான் வழி. ஐம்பதைத் தாண்டியவர்கள் முதல் ஏற்றத்தை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரொன்செஸ்வாயெஸில் 183 படுக்கைகள் இருக்கின்றன, இணையத்தில் பதிவு செய்யலாம். அங்கே தூங்கியவர்களில் பாதிப் பேர் மறுநாள் சூபிரியில் படுக்க நினைப்பார்கள். சூபிரியோ சின்ன ஊர். ஆகவே சான் ஜான் அல்லது ஒரிஸோன், ரொன்செஸ்வாயெஸ், சூபிரி ஆகிய மூன்றையும் கிளம்பும் முன்பே உறுதி செய்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு?

முழுவதும் பதிவு செய்துவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்களின் பயம் புரிகிறது. பழனிக்கு நடப்பவர்போல வழியில் ஒரு மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட முடியாத நாடு அது. விசா வேறு இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். அதிக நாள் ஸ்பெயினில் என்பதால் விண்ணப்பமும் ஸ்பெயினிடம்தான், பாரிஸில் இறங்கினாலும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாள்வாரியான நடைத்திட்டத்தை ஒரு கடிதமாக எழுதி, ரத்து செய்யக்கூடிய பதிவுகளோடு இணைப்பது நல்லது.

ஆனால் விசாவுக்குப் போட்ட அட்டவணையைக் கட்டிக்கொண்டே நடந்தால் கஷ்டம். ஆறாவது நாள் குதிகாலில் கொப்புளம் வந்து ஒரு நாள் உட்கார்ந்தால், பின்னால் இருக்கும் பதிவுகள் ஒவ்வொன்றாகச் சரியும். பழகிய துணை அடுத்த ஊரில் நிற்கும்போது நீங்கள் மட்டும் ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியிருக்கும். அதோடு, வழியின் அருமையான இடங்கள் சில பதிவே ஏற்காதவை. கிரன்யோன் ஊர்த் தேவாலயத்தில் தரையில் பாய் போட்டுத் தூங்கலாம்; காணிக்கை உங்கள் விருப்பம். வழியின் கடைசிப் பகுதியான கலீசியா மாநிலத்தின் அரசு நடத்தும் அல்பெர்கேக்கள், அதாவது யாத்ரீகர் விடுதிகள், பத்து யூரோ அளவில் கிடைக்கும். முதலில் வருபவருக்கே படுக்கை. நண்பகலில் அவற்றின் பூட்டிய கதவுக்கு முன் சுவரோரமாக முதுகுப்பைகள் வரிசையில் நிற்கும், பைகளின் உரிமையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நிழலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார்கள். பை நிற்கும் இடம்தான் டோக்கன். ஒருவரும் முந்தியதை நான் பார்த்ததில்லை.

சூபிரிக்குப் பிறகு நான் பின்பற்றியது ஒரு நாள் முன்பதிவு: மாலையில் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுநாள் ஊரின் தனியார் விடுதிக்கு ஒரு போன். வருவதாகச் சொல்லிவிட்டு வர முடியாமல் போனால் உடனே சொல்லிவிட வேண்டும். அந்தப் படுக்கைக்காக வெயிலில் ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

சான்டியாகோவுக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தூரத்தில் இருக்கும் சாரியா என்ற ஊரில் கதை மாறுகிறது. நடையை முடித்தவர்களுக்குத் தரும் கொம்போஸ்தேலா சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் அங்கே புதுக் கூட்டம் சேர்ந்துகொள்ளும். 2024-ல் மட்டும் 4,99,000 பேருக்கு மேல் சான்றிதழ் வாங்கினார்கள். புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் 2027 புனித ஆண்டு, கூட்டம் இன்னும் கூடும். லெயோன் நகரைத் தாண்டியதும் சாரியா முதல் சான்டியாகோ வரையான இரவுகளைப் பதிவு செய்துவிடுங்கள்.

பையை வண்டியில் அடுத்த ஊருக்கு அனுப்பும் சேவையும் உண்டு. ஆனால் அதற்குப் போய்ச் சேரும் விடுதி முன்பே தெரிய வேண்டும். கலீசியா அரசு விடுதிகள் அப்படி வரும் பைகளை ஏற்பதில்லை.

திரும்பும் டிக்கெட்டில் மூன்று நாளாவது கூடுதலாக வையுங்கள். கொப்புளத்துக்கு அவை செலவாகாமல் மிஞ்சினால், சான்டியாகோவிலிருந்து ஃபினிஸ்தேர்ரே கடல்முனைக்குப் பேருந்து இருக்கிறது. கால் இன்னும் கேட்டால் நடந்தே போகலாம், 90 கிலோமீட்டர்தான்.