இட்லி மாவு: மிக்ஸி போதுமா, கிரைண்டரும் வேண்டுமா?

சட்னிக்கும் மசாலாவுக்கும் பொடிக்கும் மிக்ஸி எப்படியும் வேண்டும். அதனால் இரண்டில் எது என்று கேட்பதில் பொருளில்லை. மிக்ஸி இருக்கும் மேடையில் கிரைண்டருக்கும் இடம் ஒதுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2011-ல் விலையில்லாப் பொருள் திட்டம் கொண்டுவந்த தமிழக அரசே இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தது, கூடவே மின்விசிறியும்.

அரிசியை எதில் அரைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. உளுந்தில்தான் எல்லாம் இருக்கிறது. மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி உளுந்தை வெட்டித் தள்ளும். அந்த வேகத்தில் மாவு சூடாகும், காற்றும் அவ்வளவாக உள்ளே போகாது. கிரைண்டர் கல் மெதுவாக நசுக்கி, மாவைப் புரட்டிப் புரட்டிக் காற்றை ஏற்றுகிறது. அதனால் உளுந்து பொங்கி வரும், துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். ஒரு ஆழாக்கு உளுந்துக்கு கிரைண்டரில் நாலு ஆழாக்கு அரிசி தாங்கும். மிக்ஸியில் மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐஸ் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நடுநடுவே நிறுத்தி அரைத்தால் மிக்ஸி மாவிலும் நல்ல இட்லி வரும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மெதுவடையில் மிக்ஸி தோற்றுவிடும். கெட்டி மாவில் பிளேடு மட்டும் சும்மா சுற்றும். வேறு வழியின்றித் தண்ணீர் விடுவோம், வடை எண்ணெய் குடிக்கும். தோசைக்கு இந்தக் கவலை இல்லை. அடைக்கு மிக்ஸியின் கொரகொரப்பே நன்றாக இருக்கும்.

கிரைண்டர் கரண்ட்டை இழுக்கும் என்று சொல்வார்கள். லேபிளில் உள்ள வாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையில் வைக்கும் சிறிய வகையான 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். 750 வாட் மிக்ஸி 12 நிமிடம் ஓடினால் 0.15 யூனிட். கிரைண்டரில் வீணாவது கரண்ட் இல்லை, நம் பொறுமைதான். கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும், இடுக்கில் ஒட்டிய மாவை வழிக்க வேண்டும். முதுகு வலி உள்ளவர்கள் இதை யோசித்துவிட்டே வாங்கவும்.

சரி, யாருக்கு எது? இரண்டு பேர், பெரும்பாலும் தோசை, அடிக்கடி வீடு மாற்றும் வாடகை வாழ்க்கை என்றால் மிக்ஸியே போதும். நாலு பேர், வாரா வாரம் இட்லி என்றால் 2 லிட்டர் டேபிள் டாப் வாங்கிவிடலாம். உளுந்தை அதில் அரைத்துவிட்டு அரிசியை மிக்ஸியில் ஓட்டினால் நேரமும் மிச்சமாகும். பாத்திரத்தைச் சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் வகை கூட்டுக் குடும்பத்துக்கோ மாவு விற்பவர்களுக்கோ சரி.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். குழவியைக் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பெல்ட் தேய்ந்தால் மாற்றித்தர உங்கள் ஊரில் ஆள் உண்டா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் தடவை கொஞ்சம் அரிசி போட்டு அரைத்து, கல் துகளோடு கொட்டிவிடுங்கள்.